அரைக் கிலோ ஈயம்

பல்ஹாஷ் ஏரிக்கு இரட்டை நாக்கு.
கிழக்கே உப்பு, மேற்கே நன்னீர்,
நடுவில் ஒரு குறுகல்.
படகில் கடக்கும்போது எந்த இடத்தில் மாறுகிறதென்று
விரலை நனைத்துச் சப்பிப் பார்த்திருக்கிறேன்,
பிடிபட்டதில்லை.
உடம்புக்குத் தெரியும்.
உப்புத் தண்ணீர் ஏந்திக்கொள்ளும்,
நல்ல தண்ணீர் கைவிடும்.
அதனால் கிழக்கே போனால் இடுப்புப் பட்டையில்
ஒரு கட்டி ஈயம் கூடுதலாகக் கோப்போம், அரைக் கிலோ.
மேற்கே திரும்பினால் கழற்றுவோம்.
சின்னச் சங்கதி.

ஜான்செரிக்குக்கும் எனக்கும் ஒரே ஈட்டித் துப்பாக்கி.
காசுக்குப் பஞ்சமில்லை.
இரண்டு இருந்தால் இருவரும் முங்குவோம்,
மேலே யார் இருப்பது?
தன் கல்யாணத்தன்று குடித்துவிட்டு
இதைத்தான் என் காதில் சொல்லிக்கொண்டிருந்தான்.
மணப்பெண் உல்போசின் முறைத்தாள்.

அன்று காலை கிழக்கில் ஒன்றும் அகப்படவில்லை.
மதியம் மேற்கே, நாணல் ஓரம்.
ல்யூபா படகை நிறுத்தி
சூரியகாந்தி விதை கொறித்து உமியைத் துப்பினாள்.
நாள்பட்ட தேநீர் போல் தண்ணீர்,
நாலு முழத்துக்கு அப்பால் கண் போகாது.
ஜான்செரிக் நிதானமாக மூன்று மூச்சு விட்டான்,
நாலாவதை உள்ளே வைத்துப் பூட்டினான்.
கால் துடுப்புகள் ஒருமுறை வானத்தைக் காட்டின.
ஏரி மூடிக்கொண்டது.

மேலே இருப்பவளுக்கு வேலை, எண்ணுவது.
முகத்தைத் தண்ணீரில் கவிழ்த்து
மிதவைக் கயிற்றை இரு விரலால் தொட்டபடி.
இறங்கும்போது கயிறு ஓடும்,
தரை தொட்டதும் ஓயும்.
முப்பது. வேர்களுக்கிடையே மரக்கட்டையாகக் கிடப்பான்.
ஐம்பது. கெண்டை எட்டிப் பார்க்க வரும்,
வாயை அசைத்து அசைத்தே யோசிக்கிற மீன்.
எழுபது. நேற்று என் பட்டறையில்
யாருக்கோ செய்து முடித்த பல்செட்,
கடைவாய்ப் பல்லை இன்னும் கொஞ்சம் தேய்த்திருக்கலாம்.
எண்பத்தைந்து.
கயிறு துள்ளியது.

அடித்துவிட்டான்.

தொண்ணூறு. வர வேண்டும்.
தொண்ணூற்றெட்டில் பழுப்புக்குள்ளிருந்து ஒரு நிழல்,
மாடிப்படியில் மூட்டை தூக்குகிறவன் மாதிரி
ஏறி ஏறி வந்தது.
தலை வெளியே. முகமூடியைக் கழற்றினான்.
நலம் என்று காட்ட
கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் கொண்டுவந்தான்,
வட்டம் கூடவில்லை.
உதட்டில் நீலம். கண் என்னைத் தாண்டி எங்கோ.
யாரோ கூப்பிட்ட மாதிரி
மெல்லப் பின்னால் சாய்ந்தான்.

கயிற்றை விட்டேன்.
துப்பாக்கி, ஈட்டி, கெண்டை, போகட்டும்.
ஒரு கை அவன் தாடைக்கடியில்,
மறு கை பட்டையின் கொக்கியில். பட்டை மூழ்கியது.
கன்னத்தில் தட்டி, கண்ணோரம் ஊதி,
மூச்சு, ஜான்செரிக், மூச்சு,
விடு என்றேனா இழு என்றேனா,
நினைவில்லை.
ல்யூபா கொறிப்பதை நிறுத்தியிருந்தாள்.
ஆறு விநாடி. அதையும் எண்ணியிருக்கிறேன்.

கிழிந்த துருத்தி போல் ஒரு சத்தம் அவன் நெஞ்சில்.
பிறகு கேட்டான்:
"பட்டதா?"

மிதவை நாணலில் சிக்கி ஆடிக்கொண்டிருந்தது.
நான்தான் இறங்கினேன்.
படகில் கம்பளிக்குள் நடுங்கியபடி
அவன் உரக்க எண்ணினான்,
தண்ணீருக்குள்ளும் கேட்டிருக்கும் போல.
கெண்டை இருந்தது. சேற்றில் பட்டையும் இருந்தது.
இருட்டில் கட்டிகளைத் தடவினேன்.
ஆறு இருக்க வேண்டும்.
ஏழு.

மேலே வந்து பட்டையை அவன் மடியில் வைத்தேன்.
அவனும் தடவினான். ஆறாவதில் நின்றான்.
படகு கரை தட்டும்வரை யாரும் வாய் திறக்கவில்லை.
என் கைச்சட்டையில் நாணயம் அகலச் செதில் ஒன்று
ஒட்டிக்கொண்டு வந்தது.

இரவு சூப் கொதித்தது.
ஆவி முட்டி மூடி கடகடத்தது.
ஏழாவது கட்டியை உருவி அதன் தலையில் வைத்தேன்.
அடங்கியது.
ஜான்செரிக் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

உப்புப் போதுமா பாருங்கள் என்று
ல்யூபா கரண்டியை நீட்டினாள்.