வல்லினம் மிகும் இடங்கள்

யாரிடம் பாடப் பழகினாய் என்று கேட்கிறார்கள்.
ஹமில்டனில், பார்ட்டன் தெருவில்,
சலவைக் கடைக்குக் கீழே ஒரு நிலவறை.
மேலே உலர்த்திகள் சுற்றும் இரைச்சலை மீறினால்தான்
நம் குரல் நமக்கே கேட்கும்.
அங்கேதான்.

முதலில் வெட் மேட்சஸ்.
நனைந்த தீக்குச்சிகள் என்று பெயர் வைத்துக்கொண்டு
லீஜன் மண்டபத்தைக் கொளுத்தியவர்கள்.
பத்தொன்பது பேர் வந்திருந்தோம், அதில் இருவர்
பிங்கோ என்று நினைத்து வந்தவர்கள்.
இரண்டாவது பாட்டில் கிற்றார் கம்பி அறுந்தது.
பாடியவன் நிறுத்தவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை.
தொங்கிய கம்பி முழங்கையைக் கீறக் கீற
மிச்சம் ஐந்தில் முடித்தான்.
பஸ்ஸில் வீடு வரும்வரை எனக்கு
அறுந்துபோன கம்பி மட்டும்தான் கேட்டது.

பிறகு மிஸ் ஓவர்டியூ.
அவர்களுடைய பாடகி பாடுவதே இல்லை.
வாடகை பாக்கி நோட்டீஸை உரத்து வாசிப்பதுபோல்
ஒரே தொனியில் சொல்லிக்கொண்டே போவாள்,
கடைசி வரியில் மட்டும்
குரலைக் கழற்றி எறிவாள்.
ஐம்பத்தெட்டு வினாடி.
கசெட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டு
எண்ணிப் பார்த்திருக்கிறேன்.
சொல்ல வந்தது முடிந்தது, நின்றுவிட்டாள், அவ்வளவுதான்.
என் பழைய பாட்டுகளில்
நிலா இருந்தது, மழை இருந்தது,
மூன்றாம் சரணமும் இருந்தது, சும்மா இருந்தது.
ஒரே இரவில் எல்லாவற்றையும் வெட்டினேன்.

லோஸ்ட் மிட்டன்ஸ் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை.
மோசமான குழு.
ஆனால் அவர்களுடைய டிரம்மர் டெனீஸ் கோவல்சுக்
சண்டை பிடித்துக்கொண்டு வெளியேறி
எங்களிடம் வந்தாள்.

இரண்டு வருடம் ஆங்கிலத்தில் கத்தினேன்.
இரவல் சட்டைபோல் தோளில் நிற்காமல் வழுகியது.

அது ஜனவரி.
வீட்டுக்காரன் ஹீட்டரை நிறுத்திவிட்டு
வாடகை கேட்டு வந்த கிழமை.
அம்மா விளக்கை அணைத்தா.
மூச்சு விடாதே என்று கையால் காட்டினா.
கோட்டுடன், சப்பாத்துடன்,
கதவுக்கு இந்தப் பக்கம் நாங்கள் நின்றோம்.
அடுத்த நாள் ஒத்திகையில் மைக்கைப் பிடித்தபோது
வேறொன்றும் வரவில்லை.

கதவைத் தட்டாதே.

டெனீஸ் குச்சிகளை நிறுத்தினாள்.
நடுவில் ஏதோ ஒன்று இடிக்கிறதே, அது என்ன?
இன்னொரு தரம் சொல்லு.
கதவைத் தட்டாதே.
அதுதான், அந்த இடம் என்று
ஸ்னேரில் ஒன்று போட்டாள்.
த்.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில்,
புள்ளி வைத்த எழுத்தொன்றைக் காணவில்லையென்று
சிவப்பு மையில் புள்ளி குறைத்தார்களே,
அதே ஒற்று.
இரண்டாம் வேற்றுமை விரியில் வல்லினம் மிகும்.
ஏன் மிகும் என்று அன்று யாரும் சொல்லவில்லை.
ஒரு சொல் இன்னொன்றில் மோதும்போது
மூச்சு அரைக் கணம் அடைபட்டு நிற்கிறது,
இருட்டில் நாங்கள் நின்றதுபோல.
பிறகுதான் வெடிக்கிறது.

க ச ட த ப ற.
ஆறையும் சொல்லித் தரச் சொன்னாள்.
டவும் றவும் சொல்லுக்கு முதலில் வராது என்றேன்.
வரட்டும் என்றாள்.
றவுக்குச் சிம்பலை வைத்துக்கொண்டாள்.

பாட்டு எழுபது வினாடி, நாலு வரி.
ஹீட்டர், கோட்டு, விளக்கு, கதவு.
கடைசி வரியில் குரலைக் கழற்றி எறிகிறேன்;
யாரிடம் எடுத்தேன் என்று ஊருக்கே தெரியும்.

போன கிழமை லீஜன் மண்டபத்தில் பாடினோம்.
முன்னால் நின்ற ஒருவருக்கும் தமிழ் தெரியாது.
இரண்டாம் தடவை அந்த இடம் வந்தபோது
எல்லோரும் சரியாகக் காலால் இடித்தார்கள்.
மரத்தளம் ஒருமுறை இறங்கி ஏறியது.

பதிவை அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன்.
கோப்பையைக் கீழே வைத்துவிட்டு முழுக்கக் கேட்டா.
அவன் வாடகைக்குத்தானே வந்தவன்,
பாவம், என்றா.

பாட்டைக் காகிதத்தில் எழுதும்போது
ஒற்று இன்னும் விட்டுப்போகிறது.
வாயில் விடுவதில்லை.