ஏழாவது பிணம்

பர்பேங்க். இரவு இரண்டு மணி.
ஃபிலிம் கீறல்களை ஒவ்வொன்றாகத்
துடைத்துக்கொண்டிருக்கிறாள் ஒடெட்.
குதிரைப்படை சுட்டு முடித்தாயிற்று.
பனியில் பதினோரு பிணங்கள்,
ஐம்பது வருடமாய் அசையாமல்.

ஏழாவதன் வாயருகே
ஏதோ வெள்ளையாய்.
அழுக்கு என்கிறது மென்பொருள்,
அழிக்கவா என்கிறது.

பெரிதாக்கினாள்.
மூச்சு.

மொன்டானாக் குளிரில் ஒரு ஷையன் ஆள்
நாளுக்கு இருபது டாலர் சாவை
அடக்கி அடக்கிப் பார்த்து
விட்டுவிட்டது.
டைட்டிலில் பெயர் இல்லை.

'ராணுவத்தின் கொலைமுகத்தைக் காட்டிய துணிச்சல்'
என்று அட்டையில் அச்சாகப்போகிறது.

வேண்டாம் என்று அழுத்தினாள்.

மார்ச்சில், லேம் டியரில்,
தவணைக்கு வாங்கிய பெரிய டிவி முன்னால்
ரிமோட்டைத் தேடிப் பிடித்து நிறுத்துகிறாள்
ஆர்டெல் ஸ்பாட்டட் எல்க்:

"பாருங்கடி,
நம்ம கிளிஃபர்டுக்குச்
சாகக்கூடப் பொறுமை கிடையாது."