ஏழு கண்

ஐப்பசி அமாவாசை. இரவு ஒன்பதே முக்கால்.
ஏழு கண் மதகில் ஆறு கண்ணை மூடிவிட்டேன்.
மூன்றாவது கண்ணுக்கு
போன வருஷத்திலிருந்தே இமை சரியாக இறங்காது.
துரு. எழுதிப் போட்டிருக்கிறது.
அந்தச் சந்து வழியே கடல்
நாக்கு நீட்டி ஆற்றை ருசி பார்க்கிறது.

மேற்கே மூன்று நாள் மழை நிற்கிறது,
தூர் கட்டுகிற சம்பா
நுனியை மட்டும் வெளியே விட்டு
மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.
கிழக்கே கடல் அதைவிட ஒரு சாண் உயரம்.
திறந்தால் உப்பு ஏறும்.
மூடினால் வெள்ளம் இறங்காது.
இதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

பக்கிரிசாமி டார்ச்சை என் முகத்தில் அடிக்கிறார்.
"தூக்குறியா இல்லையா?"
அவருக்கு ஆறு மா. மூன்று அடமானம்.
அவர் பின்னால் இருட்டில் எத்தனை பேரென்று தெரியவில்லை.
கைப்பிடியைக் கழற்றி
மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

வடியவிட்ட நேரம், பதிவேட்டில்,
என் வீட்டுக்காரர் கையெழுத்தில்: ஐந்தரை மணி.
என் கையெழுத்தில்: நாலே கால். நாலு. மூன்றரை.
சுவரில் அளவுகோல் இரண்டு மீட்டரோடு முடிகிறது.
போன கார்த்திகையில் தண்ணீர் அதற்கும் மேலே
எண் இல்லாத வெறும் சிமெண்டில் நின்றது.
"இரண்டுக்கு மேல்" என்று எழுதினேன்.
திருத்தச் சொன்னார்கள்.

சும்மா இருந்தோம் என்றும் சொல்ல முடியாது.
வைகாசியில் நூறு நாள் வேலைக்காரர்கள்
இடுப்பளவு இறங்கி வடிகாலில்
ஆகாயத்தாமரையை இழுத்துப் போட்டார்கள்;
கரையெல்லாம் ஒரு மாதம் அழுகல் நாற்றம்.
வேதவள்ளி மேட்டில் நாற்று விட்டு
உப்பு தாங்கும் நெல்லை நட்டாள்.
"கண்டுமுதல் குறைச்சல்தான், ஆனா நிக்கும்"
கேட்காதவர்களிடமும் சொன்னாள்.
முகத்துவாரத்தில் வைத்த அலையாத்திக் கன்றில்
பாதி ஆட்டுக்குப் போனது.
மீதி முழங்கால் உயரம்.

அப்புறம், ஒரு போன் நம்பர்.
முகத்துவாரத்தில் படகு கட்டும் குட்டியாண்டியுடையது.
ஏத்தமா வத்தமா என்று
நங்கூரக் கயிறு அவனுக்குச் சொல்லும்,
அவன் எனக்குச் சொல்வான்.

பதினொன்று இருபது. மடியில் போன் அதிர்ந்தது.
"கயிறு திரும்பி ஒரு சாணுக்கு மேல எறங்கிடுச்சு. தூக்கு."
வைத்துவிட்டான்.

கைப்பிடியைப் பக்கிரிசாமியிடம் நீட்டினேன்.
ஒரு கண்ணுக்கு இருநூற்றுப் பத்துச் சுற்று.
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு சுற்றினார்.
நான் எண்ணினேன்.
எழுபதில் மூச்சு வாங்கியது; வேறொரு கை வந்தது.
நூற்று நாற்பதில் இன்னொன்று.
அடியில் தண்ணீர்
முதலில் முனகி, பிறகு கத்திக்கொண்டு போனது.

விடியுமுன் மறுபடி மூட வேண்டும்.
அதற்குள் வயலில் ஒரு சாண் இறங்கலாம்.
அரைச் சாணாகவும் இருக்கலாம்.

மழை விட்ட வியாழக்கிழமை பெயிண்டர் வந்தான்.
அளவுகோலை மேலே நீட்டச் சொன்னேன்.
இரண்டு பத்து. இரண்டு இருபது. இரண்டு முப்பது.
"எதுவரைக்கும்க்கா?" என்றான் ஏணியிலிருந்து.
டப்பாவைச் சாய்த்துப் பார்த்தேன்.
பாதி இருந்தது.