கல்லா மீனா

நூலில் முடிந்த ஆரஞ்சுத் துண்டு
நீர்மட்டத்துக்கு ஒரு சாண் மேலே
என்னோடு நடந்து வருகிறது.
அதற்குக் கீழே நடப்பது எனக்குத் தெரியாது.
டங்ஸ்டன் மணி கோத்த பொய்ப்பூச்சி ஒன்று
சான் ஆற்றின் கூழாங்கற்களை
உரசியும் உரசாமலும் உருண்டு போகிறதாம்.
நம்புகிறேன்.

அக்டோபர்.
சோலினா அணை திறந்துவிட்ட நீர்
இடுப்பில் பனிக்கட்டிப் பட்டை கட்டுகிறது.
காலையிலிருந்து மீன் பூஜ்யம்.

மீன் கடிக்கும், கை உணரும், கோலைத் தூக்க வேண்டும்
என்றுதான் இருந்தேன்:
மூன்று நிறுத்தங்கள், வரிசையாக,
என் பேருந்தின் வழித்தடம் போல.
ஆனால் கிரேலிங் கடிதம் போட்டுவிட்டு வருவதில்லை.
வாயைத் திறக்கிறது,
பூச்சி உள்ளே போகிறது,
பொய் என்று தெரிகிறது,
துப்பிவிடுகிறது.
எல்லாம் சேர்த்து ஒரு சொடக்கு நேரம்.
அதற்கு இருக்கும் ஒரே சாட்சி
ஆரஞ்சுத் துண்டு கொஞ்சம் தயங்கியது.
தயங்கியதா?
என்று நான் கேட்டு முடிக்கும்போது
மீன் இரண்டு கல் தள்ளி
வேறு வேலை பார்த்துக்கொண்டிருக்கும்.

எதிர்க்கரையில் ஒல்கியெர்த்.
மர அறுவை ஆலைக்காரன். இடக்கையில்
சுட்டுவிரல் பாதிதான்.
போன ஜூனில் அவன் நின்ற ஓட்டத்துக்கு மேலே
நான் போய் இறங்கியதிலிருந்து பேச்சு இல்லை.
பேச்சு இல்லாவிட்டால் என்ன,
எண்ணலாமே. எண்ணினேன்.
ஒரு மணி நேரத்தில் நாற்பத்தொரு முறை
அவன் கோல்நுனி சொடுக்கியது.
முப்பத்தெட்டு முறை ஒன்றுமில்லை:
கல், பாசி, அழுகிய பீச் இலை, மறுபடி கல்.
மூன்று முறை மீன்.

அதே நேரத்தில் நான் சொடுக்கியது நான்கு.
நான்கும் கல்.
அப்போதுதான் உறைத்தது.
தவறாகிவிடுமோ என்று
முப்பத்தேழு சந்தேகங்களை
முந்தானைக் காசு போல முடிந்து வைத்திருக்கிறேன்,
செலவழிக்காமல்.

இன்னொன்றும் பார்த்தேன்.
நான் வானத்தை நோக்கித் தூக்குகிறேன்,
மாடிக்கு வாளி ஏற்றுகிறவள் மாதிரி.
மீனோ ஓட்டத்தை எதிர்த்து நிற்கிறது.
முகம் இருக்கும் பக்கமே இழுத்தால்
முள் வந்த வழியே வெளியே வரும்.
அவன் தாழ்வாக, பக்கவாட்டில்,
நீர் போகும் திசைக்கு
மணிக்கட்டால் ஒரு வெட்டு.
ஒரு சாணுக்கு மேல் இல்லை.
விளக்கை அணைக்கும் அளவு.
ஒன்றும் மாட்டவில்லையா,
பூச்சி அதே ஓட்டத்தில் மேற்கொண்டு போகிறது,
எதுவும் நடக்காதது போல.

பத்தொன்பது வருடமாக
லெஸ்கோ மலைவளைவுகளில் பேருந்து ஓட்டுகிறேன்.
மான் குறுக்கே பாயும்போது
கால் என்னைக் கேட்டதே இல்லை.
கை மட்டும் ஏன்
மேலதிகாரி கையெழுத்துக்குக் காத்திருக்கிறது?

சரி, ஆகட்டும்.
கல்.
கல்.
பாசி.
கல்.
ஏதோ கம்பி. பூச்சி அறுந்து போயிற்று,
விரல் விறைக்க வேறு கட்டினேன்.
கல்.
நூல் நின்றதா, இல்லையா, யாருக்குத் தெரியும்,
வெட்டினேன்.
அந்தக் கல்
தலையை ஆட்டியது.

கைக்கு வந்தபோது
முதுகுத் துடுப்பை முழுசாக விரித்துக் காட்டியது,
கோபத்தில்தான், அழகுக்கு இல்லை.
எதிர்முள் இல்லாத தூண்டில்
மேலுதட்டின் நட்டநடுவில்.
விரல் பட்டதும் கழன்றது.
தண்ணீருக்குள்ளேயே ஏந்தியிருந்தேன்.
போக வேண்டும் என்று தோன்றியபோது
அதுவே போயிற்று.

நிமிர்ந்தால் எதிர்க்கரையில்
அவனும் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறான்.
பாதி விரலைத் தூக்கிக் காட்டினான்.
ஒன்று என்றா, அரை என்றா,
கேட்கவில்லை.

திங்கட்கிழமை முதல் நடை. மூடுபனி.
ஹோச்செவ் வளைவில்
சாலையோரம் எதுவோ தயங்கியது.
கால் பிரேக்குக்குப் போய்விட்டது.
புத்தகப்பைகள் உருண்டன.
ஃபிலோமெனா அம்மாளின் முட்டைத்தட்டு
சறுக்கி, என் இருக்கையில் மோதி, உடையாமல் நின்றது.
கண்ணாடிக்கு வெளியே
வெள்ளைப் பிளாஸ்டிக் பை ஒன்று
எழுந்து, பறந்து, வேலி தாண்டிப் போயிற்று.

“என்ன அது?” என்றார்கள்.

“கல்” என்றேன்.
கியரைப் போட்டேன்.