குமிழி

மேலே நான் ஒரு வாளி ஊற்றினால்
கீழே பையன்கள் கோப்பையில்
குளுக்கென்று ஒரு குமிழி எழுகிறது.
மாடிப்படியில் நின்று திபாகர் சொன்னான்,
ஆறு மாதத் தமிழில்:
"அக்கா, தண்ணி பேசுது."

பேசும். ஏன் பேசாது?
நாலு பேர், ஒரு கக்கூஸ்.
பாக்குத் தாளோ ஷாம்பு பாக்கெட்டோ
எதைப் போட்டார்களோ.
நினைத்ததோடு விட்டேனா,
நோட்டுத்தாளில் எழுதி அவர்கள் கதவில் ஒட்டினேன்:
'குப்பை போட்டால் அட்வான்ஸில் பிடிக்கப்படும்.'
தமிழ் படிக்கத் தெரியாதவர்கள் என்பது
ஒட்டிய பிறகுதான் உறைத்தது.

மூன்றாம் நாள் என் கோப்பையும்
விளிம்புவரை ஏறி நின்று
என்னை ஒரு பார்வை பார்த்து
அப்புறம்தான் இறங்கியது.

குழி நிறைஞ்சிருக்கும் என்றார் வீட்டுக்காரர்.
பங்குனியில்தானே லாரி உறிஞ்சிப் போனது,
ரசீது என் பீரோவில் இருக்கிறது.

பெருமாநல்லூர் முக்கிலிருந்து சித்தையன் வந்தார்,
டிவிஎஸ் வண்டியில் முப்பதடி ஸ்பிரிங்கைச் சுருட்டிக் கட்டி.
வண்டியை நிறுத்துமுன்பே சொல்லிவிட்டார்:
"குழிக்குள்ள நானும் எறங்க மாட்டனுங்க,
ஆளையும் எறக்க மாட்டனுங்க."
கடப்பாரையால் சேம்பர் மூடியை நெம்பினார்.
கரப்பான்கள் நாலு பக்கமும் ஓடின.
உள்ளே அரையடித் தண்ணீர்,
போகவா வேண்டாமா என்று நின்றிருந்தது.

ஸ்பிரிங்கை விட்டார். சுத்தமாகத் திரும்பி வந்தது.
மறுபடி விட்டார். மறுபடியும்.
"கலர் ஏதாச்சும் இருக்குதுங்களா?"

சாயப்பட்டறைக்காரன் வீட்டில் கேட்கிற கேள்வியா?
வீட்டுக்காரர் டிபன் பையின் அடியில்
எப்போதும் ஒரு சிட்டிகை ஏதாவது கிடக்கும்.
அன்றைக்கு டர்க்காய்ஸ்.

பையன்கள் கோப்பையில் போட்டு ஒரு வாளி.
நான் சேம்பரில் குனிந்து எண்ணினேன்.
ஏழு எண்ணுவதற்குள் நீலம் வந்துவிட்டது.
ஒரு தாள் இல்லை, ஒரு பாக்கெட் இல்லை.
குழிக்குப் போகும் வாயில் மட்டும்
அது தயங்கித் தயங்கிக் குமிழி விட்டது.

"உள்ள தண்ணி போகணும்னா
உள்ள இருக்கற காத்து வெளிய வரணுமில்லீங்க.
அது எதுல வருது?"
அவர் அண்ணாந்து பார்த்தார்.
நானும் பார்த்தேன்.

சுவரோடு ஏறி
என் படுக்கையறைச் சன்னலுக்கு மேலே
ஒரு முழம் நீண்டிருக்கும் காற்றுக்குழாய்.
தலையில் பாலித்தீன் முக்காடு.
கழுத்தில் சிவப்பு எலாஸ்டிக், மூன்று சுற்று,
இரட்டை முடிச்சு.

எங்கள் கம்பெனி ஜட்டி லைனில்
வெட்டித் தள்ளும் எலாஸ்டிக்.
இந்தச் சந்தில் அது கிடைப்பது
எனக்கு ஒருத்திக்குத்தான்.

ஆடியில் கணவாய்க்காற்று
சோற்றுத்தட்டுவரை நாற்றத்தை இழுத்து வந்தது.
நாற்காலி போட்டு ஏறிக் கட்டிவிட்டு
அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.
காலையில் மறந்தும் போனேன்.

"ஆருங்க கட்டுனது?"
"காத்துல பறந்து வந்து மாட்டிக்கிச்சோ என்னமோ."
காத்துக்கு முடிச்சுப் போடத் தெரியுமா என்று
சித்தையன் கேட்கவில்லை.
பிளேடை எடுத்து என் கையில் கொடுத்தார்.

அறுத்தேன்.
குழாய் பெருமூச்சு விட்டது, சத்தியமாக.
கீழே நீலம் மடமடவென்று இறங்கிப் போனது.
முந்நூற்றைம்பது ரூபாய்.

கதவுத் தாளைக் கிழித்துக்கொண்டிருந்தபோது
திபாகர் வந்தான். "என்ன ஆச்சு அக்கா?"
"சரியாப்போச்சு."
மிச்சத்தையும் சொல்லியிருக்கலாம்.
ஏழு எண்ணும் நேரம்கூட ஆகாது.

இரவில் சன்னலைச் சாத்திக்கொள்கிறேன்.
ஞாயிற்றுக்கிழமை அவன் மறுபடி வந்தான், கையில் பிரஷ்.
கோப்பை ஓரத்தில் நீலக்கறை,
எவ்வளவு தேய்த்தும் போகவில்லையாம்.
தப்புச் செய்தவன் முகம்.

பிரஷ்ஷை வாங்கி நானே தேய்த்தேன்.
போகவில்லை.
எங்கள் பட்டறைச் சாயம் அப்படி.