மீட்டர்ப் பெட்டிக்குக் கீழே

வெள்ளகோவில் தாண்டி முத்தூர் ரோட்டில்
முன்னூற்றுச் சொச்சம் மீட்டர் என் பொறுப்பு.
இரண்டு மாதத்துக்கு ஒருமுறை
கேட்டைத் தட்டி "ஈபி" என்பேன்.
முதல் பதில் எப்போதும் நாயுடையது.

நோட்டின் கடைசிப் பக்கத்தில்
யூனிட் இல்லாத ஒரு கணக்கு வைத்திருக்கிறேன்:
சிவப்புக் கேட், குரைக்கும், வராது.
மாவு மில், வாலாட்டும், நம்பாதே.
தண்ணித் தொட்டி வீடு, இடது கண் தெரியாது, அந்தப் பக்கம் போகாதே.
நூல் குடோன், தொடையில் நாலு பல்.

ஊசி போட்ட நர்ஸம்மா "என்ன நாய்?" என்றார்.
"கடிச்ச நாய்ங்க."
சிரிக்கவில்லை. படிவத்தில் இரண்டே கட்டம்:
தெரு. வளர்ப்பு.
வளர்ப்பில் ஒரு டிக் விழுந்தது.

குடோன் நாயும் நல்லாத்தாள் பட்டி நாயும்
ஒரே ஈத்து.
கிளுவை வேலியோரம் டிரான்ஸ்பார்மருக்கு அடியில்
ஐந்து குட்டி கிடந்ததை
லைன்மேன் சென்னியப்பனும் நானும்தான் பார்த்தோம்.
ஒன்றுக்கு ஒன்றரை முழச் சங்கிலியும்
கோபம் வரட்டும் என்று மிளகாய்த்தூள் பிசைந்த சோறும்.
இன்னொன்றுக்குக் கொறங்காடு முழுவதும்,
கூடவே முதுகில் ஏறி நிற்க இரண்டு செம்மறிக் குட்டிகள்.

"வளப்புத்தானுங்க எல்லாம்" என்று
டீக்கடையில் ஆறு மாதம் பேசினேன்.
தொடைத் தழும்பைக் காட்டிக் காட்டிப் பேசினேன்.

ஐப்பசியில் ஒரு ராத்திரி
கோழிக்கடைக் கழிவு தின்று பழகிய கூட்டம்
ஓடை ஏறி வந்து
பதினோரு ஆட்டைக் கிழித்துப் போட்டது.
விடியும்போது நல்லாத்தாளிடம் அது ஓடி வந்ததாம்,
எப்போதும்போல் வாலாட்டிக்கொண்டு,
தாடை வரைக்கும் சிவப்பாக.
அவள் அடிக்கவில்லை.
ஆட்டுத் தொட்டித் தண்ணீரில் அதன் வாயைக் கழுவினாள்.
"கூட்டத்தோட போயிருச்சு சாமி" என்றாள் என்னிடம்.
பிறகு கட்டினாள். அதற்கு அதுதான் முதல் கயிறு.

டீக்கடையில் அப்புறம் நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

எண்ணெய் மில்காரர் பங்களாவில் ராட்வீலர்.
"சாதி நாய்ங்க. முத்திரை போட்ட பேப்பர் இருக்குது.
அப்பன், பாட்டன் எல்லாம் பரிசு வாங்குனது."
மூன்று தலைமுறையை மூச்சு விடாமல் சொன்னார்.
அது புண்ணாக்கு மூட்டைபோல் படுத்திருந்தது.
காரில் ஒறம்பரை வந்து இறங்கினார்கள்.
ஒரு குழந்தை அதன் காதைத் தாண்டி ஓடியது.
மூட்டை அசையவில்லை.

வீட்டை இழுத்துக் கட்டியதில்
மீட்டர் இப்போது நடைக்குள் போய்விட்டது.
செருப்பைக் கழற்றினேன்.
"தம்பிக்கு எந்த ஊரு?"
சொன்னேன்.
"ஊருக்குள்ள எங்கெ?"
"தெக்கு வளவுங்க."
"ஓ" என்றார்.
அவர் கை சங்கிலியை உள்ளங்கையில்
ஒரு சுற்றுச் சுற்றியது.
அவருக்கே தெரிந்திருக்காது.
அந்தச் சுற்றுக்குப் பிறகுதான் அது எழுந்தது.
உறுமல் அதற்கும் பிறகு.

"யாரையும் ஒண்ணும் பண்ணாதுங்க,
உங்களைப் பாத்துத்தான் ஏனோ."

ஆயிரத்து நூற்று நாற்பது யூனிட்.
நடைக்கு வெளியே நின்று
கைப்பேசியில் பெரிதாக்கி எடுத்தேன்.
கடைசிப் பக்கத்தில் அந்த வீட்டுக்கு நேராக
கையைப் பார் என்று மட்டும் எழுதினேன்.

நூல் குடோனில் காவல் மாறியிருந்தது.
ஒடிசாப் பையன் ஒருவன், மீசை அரும்பாதவன்,
தரையில் குந்தி
என்னைக் கடித்த நாயின் காதிலிருந்து
உண்ணி பிடுங்கிக்கொண்டிருந்தான்.
அது கண்ணை மூடிக் கிடந்தது.
கழுத்துக் காயத்தில் மஞ்சள்.
"வாங்க, வாங்க, ஒண்ணும் பண்ணாது" என்றான்
புதிதாய்ப் படித்த தமிழில்.
அது ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது.
மிளகாய்த்தூளை மறந்ததா இல்லையா, தெரியவில்லை.

ஆனாலும் நான்
வழக்கமான தூரத்திலேயே நின்று
எண்ணைப் படித்தேன்.