ஆயுள் பாத்தியம்

முக்கூடல் பத்திர ஆபீஸில்
பீடி சுற்றித் தேய்ந்த அத்தையின் பெருவிரலை
யாரென்று தெரியாது என்றது கருவி.
நாலாம் தடவை, முந்தானையில் துடைத்து அழுத்தியதும்
ஒப்புக்கொண்டது.

வடக்கே பேராச்சி தொழு,
தெற்கே ஆற்றுக்கு இறங்கும் பாதை,
என் ஆயுள் பரியந்தம் நானே குடியிருந்து
என் காலத்துக்குப் பின்
மருமகள் உலகாள் சர்வ சுதந்திரமாய்...
எழுத்தர் வாசிக்க வாசிக்க
சேலை நுனியைப் பிழிந்துகொண்டிருந்தது என் கை.

“உயில்னா மகளுவ கோர்ட்டுக்கு இழுப்பாளுவ.
இதுக்கு நான் செத்தாப் போதும்” என்றாள்,
பஸ்ஸில், முறுக்கைக் கடித்தபடி.

மூன்றரை சென்ட். ஓடு பாதி, தகரம் பாதி.

மறுநாள் காலை
புதுக் காலண்டரோடு நிற்கிறாள்.
“ஏட்டி, இந்தச் செவத்துல
ஒரு ஆணி அடிச்சுக்கிடட்டுமா?”